நெல் உலர்த்தி வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

தாமிரபரணிப் பாசனத்தில் கார் நெல்லை விளைவிப்பதை விட அதைக் காயவைத்து எடுப்பதே சில ஆண்டுகளில் பெரும்பாடாகி விடுகிறது. ஜூன் மாதத்தில் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்து, உடனே நடவு முடிந்தால் செப்டம்பரில் அறுவடை வந்துவிடும். தண்ணீர் தாமதமானால் அறுவடை அக்டோபருக்குத் தள்ளிப் போகும். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வடகிழக்குப் பருவமழை துவங்கும். களத்தில் நெல், தலைக்கு மேலே மேகம் என்ற நிலை அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை விவசாயிகளுக்குப் பழகிப் போன ஒன்று.

அறுவடை இயந்திரம் வந்த பிறகு இந்தச் சிரமம் கூடியிருக்கிறது. முன்பு ஒரு மாதம் நடந்த அறுவடை இப்போது சில நாட்களில் முடிகிறது. ஊர் நெல் முழுவதும் ஒரே சமயத்தில் ஈரத்தோடு களத்துக்கு வருகிறது. குவித்து வைத்த ஈர நெல் ஓரிரு நாளில் சூடேறி, அரிசி மஞ்சள் நிறமாகும். நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அரசு தளர்வு கொடுக்கும் ஆண்டுகளில் மட்டும் கூடுதல் ஈரம் ஏற்கப்படும்.

இந்தச் சிக்கல் தஞ்சாவூர் விவசாயிகளுக்கு முன்பே வந்தது. 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால ரகம் குறுவையில் பரவியபோது, அறுவடை மழையில் மாட்டிக் கொண்டது. ஈர நெல்லை என்ன செய்வது என்பதை ஆராயத் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் துவங்கிய ஆய்வுக்கூடமே பின்னர் நெல் பதன ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்து, 1984-ல் தஞ்சாவூருக்கு மாறியது.

இன்று விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து நெல் உலர்த்தும் இயந்திரம் வாங்க முன்வருகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் எத்தனை டன் இயந்திரம் வாங்குவது, அது கட்டுபடியாகுமா என்ற கணக்கை விற்பவரிடம் விட்டுவிடாமல் நாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு நெல்? எத்தனை நாள்?

உதாரணமாக 25 பேர் சேர்ந்த ஒரு குழுவுக்கு 50 ஏக்கர் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஏக்கருக்கு ஈர நெல்லாக 2½ டன் வீதம் 125 டன். 10 நாளில் அறுவடை முடிந்தால் நாளொன்றுக்கு 12½ டன் வரும். இதில் எல்லாமே இயந்திரத்துக்குப் போகாது. மழை கொட்டும் நாளில் அறுவடை இயந்திரம் வயலில் இறங்காது. வெயில் தெளிந்த நாளில் களத்திலேயே காயவைக்கலாம். ஆகவே பாதியை, அதாவது நாளைக்கு 6 டன்னை, இயந்திரத்துக்கு என்று எடுத்துக் கொள்ளலாம்.

அடுத்து, எதுவரை காயவைப்பது? 24 சதவீத ஈரத்தோடு வரும் நெல்லைச் சுற்றி வரும் வகை உலர்த்தியில் போட்டால் மணிக்கு முக்கால் முதல் ஒரு சதவீதம் வரை ஈரம் குறையும். கொள்முதல் நிலையத்துக்காக 17 சதவீதத்துக்குக் கொண்டுவர 7 முதல் 10 மணி நேரம் ஆகும். ஏற்றி இறக்க 2 மணி நேரம் சேர்த்தால் ஒரு நாளில் இரண்டு ஈடு போடலாம். இதற்கு 3 டன் இயந்திரம் போதும். சேமித்து வைக்க 14 சதவீதத்துக்குக் காயவைப்பதானால் ஒரு நாளில் ஒரு ஈடுதான் நிச்சயம்; அப்போது 6 டன் இயந்திரம் வேண்டியிருக்கும். ஒரே குழு, ஒரே நெல். நோக்கம் மாறினால் அளவு இரட்டிப்பாகிறது.

கொள்கலனும் எரிபொருளும்

ஒரு கன அடி இடத்தில் சுமார் 16 கிலோ நெல் பிடிக்கும். 3 டன்னுக்கு 190 கன அடி தேவை. 6 அடி நீளம், 6 அடி அகலம், 5½ அடி உயரம் கொண்ட பெட்டியில் இது அடங்கும். மேலே காலி இடம், கீழே காற்றறை, பக்கத்தில் நெல்லைத் தூக்கும் எலிவேட்டர் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் கொட்டகையின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

ஒரு டன் நெல் 24-லிருந்து 17 சதவீதத்துக்கு வரும்போது 84 கிலோ தண்ணீர் வெளியேறுகிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 600 கிலோ கலோரி வெப்பம் போதும். ஆனால் பாதிக்கு மேல் புகையிலும் வெளிக்காற்றிலும் போய்விடுவதால் 1,500 என்று கணக்கிடுவதே பத்திரமானது. ஒரு கிலோ உமி சுமார் 3,000 கிலோ கலோரி தரும். எனவே டன்னுக்கு 42 கிலோ உமி செலவாகும். ஒரு டன் நெல்லை அரைத்தால் 200 கிலோ உமி கிடைப்பதால் எரிபொருளுக்குப் பஞ்சமில்லை.

விலை எப்படி ஏறும்?

இயந்திரத்தின் அளவு இரட்டிப்பானால் விலை இரட்டிப்பாகாது. 3 அடிச் சதுரத்தில் 3 அடி உயரப் பத்தாயம் ஒன்றைச் செய்து, பிறகு 6 அடிக்கு அதே மாதிரி செய்து பாருங்கள். பெரியது எட்டு மடங்கு நெல் கொள்ளும். பலகையோ நான்கு மடங்குதான் ஆகும். ஆலைப் பொறியாளர்கள் இதை அனுபவத்தில் கண்டு ‘பத்தில் ஆறு’ விதி என்று சொல்கிறார்கள். 1947 முதல் வழக்கில் உள்ள இந்த விதிப்படி, அளவு 2 மடங்கானால் விலை ஒன்றரை மடங்கு. 3 மடங்கானால் ஏறக்குறைய 2 மடங்கு. 4 மடங்கானால் 2.3 மடங்கு.

ஒரே வகை இயந்திரத்துக்கும் ஒரே ஆண்டு விலைக்கும் மட்டுமே இது பொருந்தும். விலைப்புள்ளிகளை ஒப்பிட இது நல்ல அளவுகோல். 3 டன்னுக்கு 6 லட்சம் என்றவர் 6 டன்னுக்கு 12 லட்சம் கேட்டால் காரணம் கேளுங்கள். 9 லட்சத்தை ஒட்டி இருப்பதே இயல்பு.

இயந்திர விலையோடு அஸ்திவாரம், கொட்டகை, மின் இணைப்பு, வண்டி வாடகை, வரி எல்லாம் சேரும். மேற்சொன்ன விலைகளில் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் முதலீடு 8 லட்சம், 12 லட்சம் என்றாகும்.

கட்டுபடியாகுமா?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். டன்னுக்கு முதலீடு குறைவு என்று பெரிய இயந்திரத்தை வாங்கிவிட்டு, வருஷத்தில் பதினைந்து நாள் ஓட்டி மூடிவைத்தால் நஷ்டமே.

வட்டி, தேய்மானம், பராமரிப்புக்கு முதலீட்டில் ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். 3 டன் இயந்திரத்துக்கு ரூ.1,20,000, 6 டன் இயந்திரத்துக்கு ரூ.1,80,000 ஆகும். பிசான அறுவடை பிப்ரவரி, மார்ச் வெயிலில் வருவதால் அப்போது இயந்திரத்துக்கு வேலை குறைவு. காரில் 60 டன் மட்டும் காயவைத்தால் டன்னுக்கு ரூ.2,000, ரூ.3,000 என்று நிலைச் செலவு விழும். உமி, மின்சாரம், கூலி தனி.

வரவு எவ்வளவு? ஈர நெல் கிலோ ரூ.20, காய்ந்த நெல் ரூ.23 என்று கணக்குக்காக வைத்துக் கொள்வோம். டன்னுக்கு ரூ.3,000 லாபம் என்று தோன்றும். ஆனால் 1,000 கிலோ ஈர நெல் காய்ந்த பின் 916 கிலோதான் இருக்கும். 916 கிலோவுக்கு ரூ.21,068. ஈரத்தோடு விற்றிருந்தால் ரூ.20,000. உண்மையான வரவு ரூ.1,068 மட்டுமே. 60 டன்னுக்காக இயந்திரம் வாங்கினால் கைப்பொருள் கரையும்.

அதே 3 டன் இயந்திரத்தை அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் வாடகைக்கு ஓட்டி, 30 நாளில் 180 டன் காயவைத்தால் நிலைச் செலவு டன்னுக்கு ரூ.667 ஆகக் குறையும். மற்றச் செலவுகள் போக மிச்சம் சிறியதாக இருந்தாலும், மழையில் முளைத்து வீணாகும் நெல்லைக் காப்பாற்றுவது தனி வரவு. 6 டன் இயந்திரத்தில் 360 டன் ஓடினால் ரூ.500தான், 180 டன்னே கிடைத்தால் ரூ.1,000 ஆகிவிடும்.

ஆகவே முதலில் கடந்த ஐந்து கார் பருவங்களில் எத்தனை நாள் நெல் ஈரத்தோடு கிடந்தது, எத்தனை டன் விலை குறைந்து போனது என்று குழுவில் உட்கார்ந்து எழுதுங்கள். பக்கத்து ஊர்களில் எவ்வளவு நெல் வரும் என்று கேளுங்கள். மானியம் உண்டா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். இரண்டு மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்குங்கள். விதை நெல்லும் காயவைப்பதானால், காற்றின் சூட்டை 43 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போகாமல் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சூடு மீறினால் முளைப்புத்திறன் போய்விடும்.

கணக்கு சரியாக வராவிட்டால் இந்த ஆண்டு பொறுத்திருப்பதில் தவறில்லை. நல்ல தார்ப்பாயும் சிமெண்டுக் களமும் முதலில் வரட்டும். நெல் சேரும்போது இயந்திரம் வரட்டும்.