6 மணி செய்தியும் 6 தந்தியும்!

கொரோனா காலத்தில் கிட்டார் பிடித்த திருமுடிவாக்கம் லேத் தொழிலாளி

மாலை மணி 6.

குன்றத்தூரை அடுத்த திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் பகல் ஷிப்டு முடிந்துவிட்டது. டிபன் கேரியரும் கையுமாக தொழிலாளர்கள் வீடு திரும்புகிறார்கள். லாரிகள் கிளப்பிய தூசி இன்னும் அடங்கவில்லை.

அங்குள்ள ஒரு தெருவில், ஒரு வீட்டு மொட்டை மாடியில் இருந்து "டிங்... டிங்..." என்று ஓசை கேட்கிறது.

ரேடியோ அல்ல. டி.வி.யும் அல்ல. கிட்டார்!

வாசிப்பவர் சினிமா கலைஞர் அல்ல. கல்லூரி மாணவரும் அல்ல. லேத் பட்டறையில் இரும்பு கடையும் தொழிலாளி. வயது 50-ஐ தாண்டிவிட்டது.

இன்னொரு விஷயத்தையும் கேளுங்கள். அவருடைய இடது கை மோதிர விரலுக்கு நுனியே கிடையாது!

"பெயர் மட்டும் போடாதீங்க சார். பட்டறையில கிண்டல் பண்ணுவாங்க" என்று சிரித்தபடி நம்மை மாடிக்கு அழைத்துச் சென்றார்.

ரூ.900 கிட்டார்

அவர் கூறியதாவது:-

"2020 பிப்ரவரி மாசம் சார். பையன் அப்போ 10-ம் வகுப்பு. பரீட்சை முடிஞ்சதும் கிட்டார் கத்துக்கணும்னு நச்சரிச்சான். புதுசு வாங்க வசதி இல்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு போனேன். அங்கதான் ஓட்டை பீரோவுல இருந்து ஓடாத கடிகாரம் வரைக்கும் எல்லாம் கிடைக்குமே! ஒரு கிட்டார் 900 ரூபாய்க்கு படிஞ்சுது. 6 தந்தியில 2 இல்லை. அப்புறம் போட்டுக்கலாம்னு தூக்கிட்டு வந்துட்டேன்.

அடுத்த மாசமே ஊரை மூடிட்டாங்க."

ஆம். 2020 மார்ச் 22-ந் தேதி சுய ஊரடங்கு. மாலை 5 மணிக்கு ஊரே கை தட்டியது. 25-ந் தேதி முதல் 21 நாள் முழு ஊரடங்கு. அந்த 21 நாள் எத்தனை முறை நீண்டது என்பது வாசகர்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

10-ம் வகுப்பு பரீட்சை முதலில் தள்ளிப்போனது. ஜூன் 9-ந் தேதி அடியோடு ரத்தாகி, எல்லோரும் "பாஸ்" என்று அறிவிப்பு வந்தது. பையனுக்கு கிட்டார் ஆசையும் போய்விட்டது. செல்போன் விளையாட்டில் மூழ்கினான். கிட்டார் மூலையில் கிடந்தது.

"வித்துட்டு அரிசி வாங்குங்க"

"முதலாளி ஏப்ரல் மாசம் பாதி சம்பளம் கொடுத்தார். மே மாசம் அவராலயும் முடியலை. ரேஷன் கார்டுக்கு கொடுத்த ஆயிரம் ரூபாய் எத்தனை நாளைக்கு வரும்? வீட்டுல உட்கார்ந்தா டி.வி.தான். சாயங்காலம் ஆச்சுன்னா இன்னைக்கு இத்தனை பேருக்கு தொற்று, இத்தனை பேர் சாவுன்னு கணக்கு சொல்லுவாங்க. அதைக் கேட்டுட்டு படுத்தா தூக்கம் எங்க சார் வரும்? ஒரு நாள் எழுந்து டி.வி.யை அணைச்சேன். கையில கிடைச்சது கிட்டார்."

வீட்டுக்காரம்மா குறுக்கிட்டார். "இவரு 4 தந்தியில 'டொய்ங் டொய்ங்'னு தட்டுவாரு. எனக்கு பத்திக்கிட்டு வரும். இதை வித்துட்டு அரிசி வாங்குங்கன்னு சொன்னேன். 'வாங்க ஆள் வேணுமே, சந்தையே மூடிக் கிடக்கே'ன்னாரு!"

இல்லாத 2 தந்திக்கு பைக் கிளட்ச் கேபிளை பிரித்து ஒரு இழையைக் கட்டிப் பார்த்தாராம். முறுக்கியதும் "பட்" என்று அறுந்து முகத்தில் அடித்ததாம். கடைகள் திறந்த பிறகுதான் ஒரு செட் தந்தி வாங்கினார். பாடம் எல்லாம் யூ டியூப்பில். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட் போன். பையனின் ஆன்லைன் வகுப்பு முடிந்த பிறகுதான் அப்பாவின் வகுப்பு!

விரலுக்கு தொப்பி

கிட்டாரில் இடது கை விரல்கள்தான் தந்திகளை அழுத்த வேண்டும். நுனி இல்லாத விரலால் எப்படி?

"20 வயசுல ஒரு பிரஸ் ஷாப்புல வேலை பார்த்தேன். மெஷின் இறங்கிச்சு, விரல் நுனி போச்சு. அதுக்கப்புறம்தான் லேத் பக்கம் வந்தேன். அந்த விரலை தந்தியில வச்சா உயிர் போற வலி. பேங்குல நோட்டு எண்ணறவங்க மாட்டுற ரப்பர் உறையை மாட்டிப் பார்த்தேன், வழுக்கிச்சு. பட்டறை திறந்ததும் ஒரு துண்டு நைலான் ராடு எடுத்து, விரல் அளவுக்கு தொப்பி மாதிரி கடைஞ்சேன். மேலே தோல் துண்டை ஒட்டினேன். 3 தடவை தப்பாச்சு. நாலாவது சரியா உட்கார்ந்துச்சு."

அதை கழற்றி நம் கையில் வைத்தார். சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். என்ன வழவழப்பு!

இதே கதை கடல் கடந்தும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்காம் தொழில் நகரத்தில் 1965-ம் ஆண்டு, தகடு வெட்டும் தொழிற்சாலையில் 17 வயது பையனின் 2 விரல் நுனிகளை மெஷின் பறித்தது. அவன் பெயர் டோனி அயோமி. அன்றுதான் அந்த வேலையில் அவனுக்கு கடைசி நாள்!

"இனி கிட்டார் அவ்வளவுதான்" என்று சோர்ந்து கிடந்தவனுக்கு தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டை போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரெயின்ஹார்ட். 1928-ல் தீ விபத்தில் சிக்கி, இடது கையில் 2 விரல்கள் முடங்கியும் உலகப் புகழ் பெற்றவர்.

அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு தொப்பி செய்தார். அதன் மேல் தோலை ஒட்டினார். பிறகு அவர் நண்பர்களுடன் நடத்திய "பிளாக் சப்பாத்" குழுவின் முதல் இசைத்தட்டு 1970-ல் வந்து உலகைக் கலக்கியது. 2025 ஜூலையில் அதே பர்மிங்காமில் அந்த குழுவின் கடைசி கச்சேரி. அதிலும் அயோமி வாசித்தார்.

"தொப்பி செஞ்சு 2 வருஷம் கழிச்சுதான் பையன் அந்த ஆளோட வீடியோவை காட்டினான். அடப்பாவி, எனக்கு முன்னாடியே ஒருத்தன் செஞ்சிருக்கானேன்னு தோணுச்சு" என்கிறார் நம்மவர்.

கொரோனா காலத்தில் உலகம் முழுவதுமே கிட்டார் மோகம் கிளம்பியது. அமெரிக்காவின் பெண்டர் கம்பெனி 1946-ல் தொடங்கியது. 2020-ல் நடந்தது போல அதற்கு முன் எந்த ஆண்டும் அங்கு விற்பனை நடந்தது இல்லை. பூட்டிய வீட்டுக்குள் கைக்கு ஒரு வேலை தேடியவர்கள் அத்தனை பேர்!

எதிர் வீட்டு பெரியவர்

நம்மவருக்கு கிட்டாரை விட பெரிய தலைவலி எதிர் வீட்டில் இருந்தது.

அங்கே ஓய்வு பெற்ற கிளார்க் ஒருவர். வயது 70-க்கு மேல். இவர் ஒரு கட்சி, அவர் மறு கட்சி. டீக்கடையில் தொடங்கிய வாக்குவாதம், டீக்கடை மூடியதும் தெருவுக்கு வந்தது.

ஏப்ரல் 5-ந் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கு ஏற்றச் சொன்னார்கள் அல்லவா? ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. எதிர் வீட்டில் எரியவில்லை. மறுநாள் சண்டை. மே 7-ந் தேதி சென்னை நீங்கலாக மதுக்கடைகள் திறந்தன. அதற்கும் சண்டை. கடைசியில் பேச்சே நின்றுவிட்டது.

ஒரு நாள் கிட்டார் சத்தம் கேட்டதும் பெரியவர் வாசலில் நின்று கத்தினாராம்: "ஊரே செத்துக்கிட்டு கிடக்கு. உனக்கு பாட்டு கேட்குதா?"

"அந்த கேள்வி சுருக்குனு தைச்சுது சார். அவர் சொன்னதுல தப்பு இல்லையேன்னு 10 நாள் தொடவே இல்லை. அப்புறம் யோசிச்சேன். நான் டி.வி.யை பார்த்துக்கிட்டே உட்கார்ந்தா மட்டும் யாரு பிழைச்சா? மாஸ்க் போடுறேன், வெளியே சுத்தலை, என்னால ஆனதை செய்யறேன். மிச்ச அரை மணி நேரம் என்னோடது. அப்புறம் கதவை சாத்திக்கிட்டு மெதுவா வாசிச்சேன்."

செப்டம்பர் 25

2020 ஆகஸ்ட் 5-ந் தேதி கொரோனாவால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார் எஸ்.பி.பாலசுப்பிரமணியம். 50 நாள் தமிழ்நாடே வேண்டியது. செப்டம்பர் 25-ந் தேதி பகலில் அந்த குரல் அடங்கியது.

அன்று மாலை நம்மவர் மாடிக்கு போனார். 1982-ல் வந்த "பயணங்கள் முடிவதில்லை" படத்தில், இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய "இளைய நிலா" பாட்டின் கிட்டாரை தட்டித் தடவி வாசித்தார். சினிமாவில் அதை வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். இன்றும் கிட்டார் பிடிக்கும் தமிழன் எவனும் ஒரு முறையாவது முயன்று பார்க்கும் வாசிப்பு அது.

எதிர் மாடியில் பெரியவர். கண் கலங்கி நின்றாராம். வாசித்து முடித்ததும் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"தம்பி, அந்த மூணாவது தந்தி இறங்கி இருக்கு. ஏத்து."

அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. பெரியவர் வாலிப வயதில் பஜனை கோஷ்டியில் புல்புல்தாரா வாசித்தவர்! பரணில் கிடந்ததை இறக்கி துடைத்தார். அன்று முதல் இந்த மாடியில் கிட்டார், அந்த மாடியில் புல்புல்தாரா. நடுவில் தெரு.

ஒரே ஒரு நிபந்தனை. 6 மணியில் இருந்து 6.30 வரை செய்தியும் கிடையாது, அரசியலும் கிடையாது. 6.31-க்கு சண்டையை தொடங்கலாம்!

"தொடங்குவோம் சார். 2021 ஏப்ரல் 6-ந் தேதி ஓட்டு போட்டோம். ரெண்டு பேரும் எதிர் எதிர் சின்னம். மே 2-ந் தேதி முடிவு வந்தது. அண்ணே, இப்போ நாங்கதான் ஆளுங்கட்சின்னு மாடியில இருந்து கத்தினேன். 'வாசிடா முதல்ல'ன்னு சிரிச்சார்."

நின்று போன ஓசை

அவர் பேச்சு அங்கே நின்றது. சிறிது நேரம் தந்தியை துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

2021 மே மாதம் இரண்டாவது அலையின் உச்சம். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் மருந்துக்காக ஜனங்கள் விடிய விடிய காத்துக் கிடந்த நாட்கள். மே 21-ந் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36 ஆயிரத்து 184 பேருக்கு தொற்று.

அந்த கணக்கில் பெரியவரும் ஒருவர் ஆனார். ஆம்புலன்சில் ஏறிப் போனவர் திரும்பவில்லை. உடலை தெருவுக்கு கொண்டுவர அனுமதி இல்லை.

"தினம் கேட்ட கணக்குதான் சார். அன்னைக்கு அது எங்க அண்ணனா இருந்துச்சு. கிட்டாரை உறையில போட்டு கட்டிட்டேன். 3 மாசம் தொடலை."

பிறகு?

"ஒரு நாள் சாயங்காலம் வாசல்ல நின்னேன். அண்ணி எதிர்ல வந்தாங்க. 'என்ன தம்பி, மணி 6 ஆகுது, சத்தத்தையே காணோமே? வீடு ரொம்ப அமைதியா இருக்குப்பா'ன்னாங்க. அவ்வளவுதான். மேலே போய் எடுத்தேன். தந்தி எல்லாம் துரு. புதுசு மாத்திட்டு வாசிச்சேன்."

கற்க விரும்புவோருக்கு

"4 பேருக்கு உபயோகமா இதையும் போடுங்க" என்று அவர் சொன்ன யோசனைகள்:

* பழைய கிட்டார் வாங்கினால் கழுத்தை நீளவாக்கில் பாருங்கள். வில் போல வளைந்திருந்தால் வேண்டாம். தந்தி போனால் மாற்றலாம், கழுத்து போனால் மாற்றுவது எளிது அல்ல.

* முதல் சில வாரம் விரல் நுனி வலிக்கும். பயப்படாதீர்கள். தோல் காய்த்துவிடும். தினம் கால் மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 3 மணி நேரம் உட்கார்ந்தால் வலிதான் மிச்சம்.

* சுருதி சேர்க்க: தடித்த தந்தி 6-வது. அதை 5-வது கட்டையில் அழுத்தினால் வரும் ஓசைதான் 5-வது தந்தியின் ஓசை. 5-ல் இருந்து 4, 4-ல் இருந்து 3 இதே கணக்கு. 3-வது தந்தியை மட்டும் 4-வது கட்டையில் அழுத்தி 2-வதை சேர்க்க வேண்டும். 2-ல் இருந்து 1-க்கு மறுபடியும் 5-வது கட்டை.

* வாசித்து முடித்ததும் தந்தியை உலர்ந்த துணியால் துடையுங்கள். நம்ம ஊர் வியர்வைக்கு துரு சீக்கிரம் பிடிக்கும்.

12 பாட்டு

இத்தனை வருடத்தில் எத்தனை பாட்டு கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டோம்.

"12 பாட்டு. அதுலயும் 3 பாட்டு தடுமாறும். மேடை ஏறப் போறேனா என்ன? போதும் சார்."

கொரோனா ஓய்ந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. டி.வி.யில் சாவு கணக்கு இல்லை. ஆனால் சண்டைக்கு குறைவில்லை. செல்போனை திறந்தால் 24 மணி நேரமும் சண்டைதான். அந்த அரை மணி நிபந்தனையை மட்டும் அவர் இன்னும் கைவிடவில்லை. 6 மணிக்கு போன் கீழே, ஆள் மேலே.

நாம் விடைபெற்று இறங்கினோம். மேலே "டிங்... டிங்..." மறுபடி தொடங்கியது. எதிர் வீட்டு திண்ணையில் ஒரு மூதாட்டி பூ கட்டிக்கொண்டு இருந்தார்.

"இன்னைக்கு கொஞ்சம் லேட்டு" என்றார் நம்மைப் பார்த்து. "நீங்க பேச்சு கொடுத்துட்டீங்க போல!"