டேப்ளட் சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரியைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்!

பள்ளிகள் மூடியிருந்த 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காகப் பல வீடுகளில் டேப்ளட் வாங்கினார்கள். பிள்ளைகள் வளர்ந்து விட்டார்கள். டேப்ளட் இப்போது பெரும்பாலும் அம்மாவிடமோ பாட்டியிடமோ இருக்கிறது. வயதான அந்த டேப்ளட்டுகளுக்கு வரும் முதல் நோய் என்ன தெரியுமா? சார்ஜ் ஏறாததுதான்! புதிதாக டேப்ளட் வாங்கியவர்களுக்கும் இந்தப் பிரச்சினை வரலாம். அப்போது என்ன செய்வது, முக்கியமாக என்ன செய்யக் கூடாது என்பதை என் அத்தை வீட்டு டேப்ளட்டை வைத்துச் சொல்கிறேன். நான் சாப்ட்வேர் எழுதுகிறவன். ஹார்டுவேர் நிபுணன் அல்ல. அதனால் நான் செய்த தவறையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.

அத்தை கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். மாமா 2022-ல் காலமாகி விட்டார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அத்தையிடமிருந்து போன். "டேப்ளட் செத்துப் போச்சுடா. கடைக்காரர் பார்த்துட்டு பேட்டரி மாத்தணும், சாப்ட்வேர் புதுசா போடணும், உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடும்னு சொல்றார். அதுல மாமா பேரனுக்குக் கதை சொன்ன வீடியோ எல்லாம் இருக்குடா" என்றார்.

"வேற எங்கேயாவது காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா அத்தை?" என்று கேட்டேன். பதில் இல்லை. கடையிலிருந்து உடனே டேப்ளட்டைத் திருப்பி வாங்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

பேட்டரியைப் புதிதாக மாற்றுவதால் டேப்ளட்டில் உள்ள படங்கள் அழியாது. அவை இருப்பது மதர்போர்டில் உள்ள மெமரி சிப்பில், பேட்டரி தனி. ஆனால் "சாப்ட்வேர் போடுவது" என்று கடைகளில் சொல்கிறார்களே, அதில் பெரும்பாலும் எல்லாம் துடைக்கப்பட்டு விடும். எனவே உங்கள் டேப்ளட்டைச் சர்வீசுக்குக் கொடுக்கும்போது சாப்ட்வேரில் கை வைக்கப் போகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

முதலில் மேஜை மேல் வையுங்கள்

அத்தை வீட்டுக்குப் போனதும் நான் செய்த முதல் வேலை, டேப்ளட்டைச் சமமான மேஜை மேல் வைத்துப் பார்த்ததுதான். முதுகுப் பக்கம் தட்டையாக இருக்கிறதா, ஆடுகிறதா, ஸ்கிரீன் ஓரத்தில் எங்காவது இடைவெளி விட்டிருக்கிறதா என்று பார்த்தேன். இது ஏன்? லித்தியம் பேட்டரி கெட்டுப் போனால் உள்ளே வாயு உண்டாகி அப்பளம் போல உப்பும். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்வது ஆபத்து, தீப்பிடிக்கவும் கூடும். அப்படி உப்பியிருந்தால் இந்தக் கட்டுரையில் கீழே சொல்லும் எதையும் செய்ய வேண்டாம். சார்ஜரைக் கழற்றி, டேப்ளட்டை ஆப் செய்து, படுக்கை, திரைச்சீலை போன்றவற்றிலிருந்து தள்ளி வைத்துவிட்டுச் சர்வீஸ் கடைக்குச் சொல்லுங்கள். அழுத்திப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். என்னுடைய பழைய டேப்ளட் ஒன்று 2023-ல் டிராயருக்குள்ளேயே இப்படி உப்பி, ஸ்கிரீனைத் தூக்கிவிட்டது. நான் அதை இரண்டு மாதமாகத் திறந்து பார்க்காமல் இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

அத்தையின் டேப்ளட் தட்டையாகத்தான் இருந்தது. அப்பாடா!

அடுத்தது சார்ஜர். டேப்ளட்டுடன் வந்த ஒரிஜினல் அடாப்டர் எங்கோ தொலைந்துவிட்டது. அத்தை பயன்படுத்திக் கொண்டிருந்தது ஏதோ ஒரு பழைய போனின் அடாப்டர். அதில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்தேன்: 5 வோல்ட், 1 ஆம்பியர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். அதாவது 5 வாட். அந்த டேப்ளட்டுக்கு வேண்டியது 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட். வாங்கியபோது வந்த சிறு புத்தகத்தில் இது இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

பாதி வாட் கிடைத்தால் என்ன, மெதுவாக ஏறிவிட்டுப் போகட்டுமே என்று நினைக்கலாம். பிரச்சினை அங்கேதான். டேப்ளட்டின் ஸ்கிரீன் பெரியது. போனைவிட அதிக மின்சாரம் சாப்பிடும். அத்தை தினமும் இரவு மகளுடன் ஒரு மணி நேரம் வீடியோ காலில் பேசுவார், சார்ஜரைச் செருகியபடியே. அந்த நேரத்தில் டேப்ளட் செலவழிப்பது சுமார் 4 வாட் என்று பிறகு என் மீட்டர் காட்டியது. வருவது அதற்கும் குறைவாக இருந்தால்? மின்னல் குறி ஸ்கிரீனில் தெரியும், ஆனால் சதவீதம் இறங்கிக் கொண்டே போகும். "சார்ஜ் போட்டாத்தாண்டா இன்னும் சீக்கிரம் இறங்குது" என்று அத்தை சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தேன். சார்ஜ் போட்டுக்கொண்டு அவர் வீடியோ கால் பேசுகிறார் என்பது பிறகுதான் புரிந்தது!

கேபிள் என்னும் குற்றவாளி

கட்டிலில் படுத்தபடி பேசுவதற்காக அத்தை ஒரு மூன்று மீட்டர் கேபிள் வாங்கியிருந்தார். விலை 80 ரூபாய். பார்ப்பதற்கு அழகான சிவப்புத் துணி சுற்றியது. உள்ளே இருக்கும் செம்புக் கம்பி தலைமுடி போல மெல்லியதாக இருக்கும் கேபிள்களில் இதுவும் ஒன்று.

இங்கே கொஞ்சம் பிளஸ் டூ இயற்பியல். கம்பி நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் மின்தடை கூடும். கேபிளின் மொத்தத் தடை அரை ஓம் என்று வைத்துக் கொள்வோம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1 வோல்ட் தொலைந்துவிடும். அடாப்டர் 5 வோல்ட் கொடுத்தாலும் டேப்ளட் வாசலுக்கு வந்து சேர்வது 4 வோல்ட்தான். முழுதாக ஏறிய லித்தியம் பேட்டரியின் அளவே சுமார் 4.2 வோல்ட். தொட்டியில் தண்ணீர் இருக்கும் மட்டத்தைவிடக் கீழே இருக்கும் குழாயிலிருந்து தொட்டியை நிரப்ப முடியுமா? டேப்ளட்டுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப் வோல்ட் விழுவதைக் கவனித்து, தான் இழுக்கும் ஆம்பியரைத் தானே குறைத்துக் கொள்ளும். அதனால் ஆமை வேகம்.

இதை அளந்து பார்க்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. யுஎஸ்பி மீட்டர் என்று கேளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைன் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அடாப்டருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எண்களில் காட்டும். வீட்டில் மூன்று நான்கு போன், டேப்ளட் இருப்பவர்களுக்கு இது தெர்மாமீட்டர் போல.

என்னுடைய 10 வாட் அடாப்டரையும் ஒரு மீட்டர் கேபிளையும் மீட்டரோடு இணைத்து, அத்தையின் டேப்ளட்டில் செருகப் போனேன். பிளக் முழுவதும் உள்ளே போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், போர்ட்டுக்குள் பஞ்சு! படுக்கையிலேயே கிடந்ததால் போர்வைத் தூசி நாள்தோறும் சேர்ந்து, பிளக் செருகும்போதெல்லாம் அமுங்கி, மெத்தை போல ஆகியிருந்தது. பல் குத்தும் மரக்குச்சியால் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல எடுத்தேன். டைப் சி போர்ட்டாக இருந்தால் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும். அதன் மேல்தான் தொடுமுனைகள் உள்ளன. அதை நெம்பி விடாதீர்கள். டேப்ளட் ஆப் ஆகியிருக்க வேண்டும், சார்ஜர் இணைப்பில் இருக்கக் கூடாது. ஊக்கு, குண்டூசி, எண்ணெய், தண்ணீர் எதுவும் கூடாது.

இப்போது பிளக் 'டக்' என்று உட்கார்ந்தது. ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை. அத்தையின் முகம் வாடிவிட்டது. ஆனால் மீட்டரைப் பார்த்தேன்: 0.08 ஆம்பியர்.

அந்த 0.08 எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. 0.00 என்று காட்டியிருந்தால் போர்ட்டோ போர்டோ பழுது என்று சந்தேகப்பட்டிருப்பேன். பேட்டரி அளவுக்கு மீறி வற்றிவிட்டால், சார்ஜிங் சிப் உடனே முழு வேகத்தில் சார்ஜ் ஏற்றாது. பல நாள் பட்டினி கிடந்தவருக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுப்பது போல முதலில் மிகச் சிறிய அளவில் கொடுக்கும். பேட்டரி சுமார் 3 வோல்ட்டைத் தாண்டிய பிறகே வேகம் கூட்டும். இந்த நேரத்தில் ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கலாம். கடையில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு 'செத்துப் போச்சு' என்று சொன்னது இதனால்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் குறைந்தது ஒரு மணி நேரமாவது நல்ல சார்ஜரில் விட்டுப் பாருங்கள். தொட்டுப் பார்த்துக் கொண்டே இருங்கள். கை பொறுக்காத அளவு சூடானால் உடனே கழற்றிவிட வேண்டும்.

அத்தை தோசை வார்த்துக் கொடுத்தார். ஐம்பது நிமிடம் கழித்து மீட்டர் 1.6-க்குத் தாவியது. சற்று நேரத்தில் ஸ்கிரீனில் காலி பேட்டரியின் படம்!

என்னுடைய தவறு

இங்கேதான் நான் அவசரப்பட்டேன். 4 சதவீதம் ஏறியதுமே ஆன் செய்து, சார்ஜரைக் கழற்றி, டேப்ளட்டை என் லேப்டாப்பில் இணைத்து 'பைல் டிரான்ஸ்பர்' கொடுத்து வீடியோக்களைக் காப்பி செய்ய ஆரம்பித்தேன். மொத்தம் 42 வீடியோ. பதினேழாவது ஓடிக் கொண்டிருக்கும்போது டேப்ளட் அணைந்துவிட்டது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை; அடுப்படிக்குப் போய்விட்டார்.

என்ன நடந்தது? லேப்டாப்பின் சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். ஸ்கிரீன் எரிந்து கொண்டு, பைலும் போய்க் கொண்டிருந்தால் அது போதாது. கணக்குக்கு வேண்டுமானால், அந்த டேப்ளட்டின் 7000 எம்ஏஎச் பேட்டரி முழுதாக நிரம்ப லேப்டாப் போர்ட்டில் 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 10 வாட் அடாப்டரில் மூன்று மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். புதிய லேப்டாப்களின் டைப் சி போர்ட் இதைவிட அதிகம் கொடுக்கும் என்றாலும், பேட்டரி பாதியாவது ஏறிய பிறகு காப்பி செய்வதே நல்லது. நான் மறுபடி சார்ஜில் போட்டுவிட்டு மாலை வரை தொடவே இல்லை. மாலையில் 60 சதவீதத்தில் 42 வீடியோவும், வாட்ஸ்அப் போல்டரில் இருந்த குரல் பதிவுகளும் முழுதாக வந்து சேர்ந்தன. லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று இரண்டு காப்பி. ஒவ்வொன்றையும் திறந்து ஓடுகிறதா என்றும் பார்த்தோம். அதனால் நேரம் ஆனது. அத்தை எதையும் பாதியில் நிறுத்த விடவில்லை.

சார்ஜ் இருந்தும் டேப்ளட் உறைந்துபோய் ஆன் ஆகாமல் இருப்பதும் உண்டு. பல ஆண்ட்ராய்ட் டேப்ளட்டுகளில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தினால் ரீஸ்டார்ட் ஆகும். தவறுதலாக வால்யூம் கூட்டும் பட்டனை அழுத்திவிட்டால் சில மாடல்களில் 'ரெக்கவரி' மெனு வரும். அதில் 'வைப் டேட்டா', 'பேக்டரி ரீசெட்' என்று இருப்பதைத் தேர்வு செய்தால் எல்லாம் போய்விடும், ஜாக்கிரதை! 80 அல்லது 85 சதவீதத்தில் சார்ஜ் நின்றுவிடுகிறது என்று பயப்படுபவர்கள், செட்டிங்ஸில் பேட்டரி பாதுகாப்பு வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது பழுது அல்ல. பேட்டரியின் ஆயுளுக்கு நல்லதுதான்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஒரு சினிமாவை ஓடவிட்டுச் சோதித்தேன். சதவீதம் ஒழுங்காக இறங்கி வந்து, 31-ல் திடீரென்று அணைந்தது. வயதான பேட்டரியின் அடையாளம் இது. உள்தடை கூடிவிட்டதால், கொஞ்சம் அதிகமாகக் கேட்டாலும் வோல்ட் சரிந்துவிடும். ஸ்கிரீனில் தெரியும் சதவீதம் ஒரு மதிப்பீடுதான். பேட்டரிக்கு வயதானால் அந்தக் கணக்கும் தப்பும். ஆக, பேட்டரியும் மாற்ற வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலை அதே கடைக்கே போனோம். டேப்ளட் பேட்டரியை உள்ளே பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். வீட்டில் கத்தியை வைத்து நெம்பிப் பார்க்கிற வேலை இல்லை. "பேட்டரி மட்டும் மாத்துங்க, சாப்ட்வேரைத் தொடாதீங்க" என்றேன். மாடல் எண்ணைச் சரிபார்த்து, 1800 ரூபாய்க்கு மாற்றிக் கொடுத்தார். பழைய பேட்டரியை அவரிடமே விட்டுவிட்டோம். அதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. பேட்டரிக் கழிவைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பிளக் பாயின்ட் பழுதாகிக் கிடந்ததால்தான் அத்தைக்கு நீளக் கேபிள் தேவைப்பட்டிருக்கிறது. எலக்ட்ரீஷியனை வரவழைத்து அதைச் சரி செய்தோம், 250 ரூபாய். அந்தச் சிவப்புக் கேபிளை மட்டும் யாருக்கும் தெரியாமல் என் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். "நல்ல கேபிள்டா அது, எங்கே போச்சு?" என்று போன வாரம்கூட அத்தை கேட்டார்.