பிறபொருளெதிரிகளைத் தூய்மையாக்கல்

பாலையும் நீரையும் பிரித்தறியும் ஆற்றலை அன்னத்திற்கு ஏற்றிக் கூறுதல் புலவர் மரபு. அத்தகைய பிரித்தலை ஆய்வுகூடத்தில் நிகழ்த்த முயன்றோரின் வரலாறே பிறபொருளெதிரிகளைத் தூய்மையாக்கும் முறைகளின் வரலாறாகும்.

அந்நியப் புரதமொன்று விலங்கின் உடலிற் புகுமாயின், அதனைப் பற்றிப் பிணிக்கும் பிறபொருளெதிரிகள் குருதியில் தோன்றுகின்றன. தொண்டைக்கரப்பன், ஏற்புவலி ஆகிய நோய்களின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் குருதியின் நீர்ப்பாயத்திற்கு உண்டாதலை 1890 ஆம் ஆண்டிற் பேரிங், கிற்றசாற்றோ என்னும் அறிஞர் காட்டினர். அவ்வாற்றல் நீர்ப்பாயத்தின் எப்பகுதியைச் சார்ந்தது? திசேலியசும் கபாற்றும் 1939 இல் இதற்கு விடை கண்டனர். முட்டை வெண்கருப் புரதம் ஏற்றப்பட்ட முயலின் நீர்ப்பாயத்தை அவர்கள் மின்புலத்தில் நகரவிட்டபோது, காமாக் குளோபுலின் என்னும் பகுதி மிகுந்திருந்தது. அதே புரதத்தைச் சேர்த்துப் பிறபொருளெதிரிகளை வீழ்படிவாக்கி நீக்கியபின் அப்பகுதி குறைந்தது.

இப்பகுதியைப் பிரித்தற்கு எளிய வழி உப்பிடுதலாகும். அமோனியஞ் சல்பேற்றை ஏறத்தாழ அரை நிரம்பலளவிற்குச் சேர்ப்பின், உப்பு நீரைத் தன்வயப்படுத்தும். காமாக் குளோபுலின்கள் ஒன்றுகூடி வீழ்படியும். அல்புமின் பெரும்பாலும் கரைசலில் எஞ்சும். வீழ்படிவை மீளக் கரைத்து, மென்சவ்வுப் பையிலிட்டு உப்பை அகற்றுவர். ஆயினும், இவ்வாறு கிடைப்பது அவ்விலங்கு தன் வாழ்நாளில் எதிர்கொண்ட அந்நியப் பொருள்கள் பலவற்றிற்கும் எதிரான கலவையே. வேண்டிய பிறபொருளெதிரி அதில் ஒரு சிறு பங்காகும்.

அச்சிறு பங்கைத் தேர்ந்தெடுக்க, அதனைத் தோற்றுவித்த புரதத்தையே தூண்டிலாக்கும் முறை எழுந்தது. 1951 இல் காம்பெல் முதலியோர் புரதத்தைச் செலுலோசுடன் பிணைத்து இதனைச் செய்தனர். 1967 இன் பின்னர் அகரோசு மணிகள் பெருவழக்காயின. மணிகள் நிரப்பிய குழாயினூடு நீர்ப்பாயத்தைச் செலுத்தினால், உரிய பிறபொருளெதிரி பற்றி நிற்கும். ஏனையவை கழுவப்பட்டு நீங்கும். பின்னர் அமிலத்தன்மையான கிளைசீன் கரைசலைச் செலுத்திப் பிணைப்பைத் தளர்த்துவர். வெளிவரும் துளிகளை உடனே நடுநிலையாக்குதல் வேண்டும். தாமதிப்பின் பிறபொருளெதிரி தன் இயல்பை இழக்கும்.

இங்கேயே இம்முறையின் இடர்ப்பாடும் உள்ளது. மிக வலிதாகப் பற்றும் பிறபொருளெதிரியே மிக விரும்பத்தக்கது. ஆனால் அதுவே குழாயைவிட்டு எளிதில் நீங்காதது. அதனை விடுவிக்கக் கடும் அமிலத்தைப் பயன்படுத்தினால் அது கெடும். மென்மையாகக் கழுவினால் வலியற்றவையே கைக்கு வரும். ஆகவே தூய்மை, விளைவு, ஆற்றல் ஆகிய மூன்றையும் ஒருங்கே பெறுதல் அரிது.

இவ்வாராய்ச்சி ஏட்டளவினதன்று. நாகமும் புடையனும் தீண்டியோர்க்கு ஏற்றப்படும் நஞ்சுமுறி மருந்து குதிரையின் குருதியினின்று பெறப்படுவது. அதில் நஞ்சை முறிக்காத குதிரைப் புரதங்களும் மிகுதியாக உள்ளமையால், உயிர் காக்கும் மருந்தே சிலரில் ஒவ்வாமையை விளைவிக்கின்றது. வேண்டாதவற்றை எத்துணை நீக்குகின்றோமோ அத்துணை அந்நியப் புரதச் சுமை நோயாளிக்குக் குறையும். அன்னத்தின் தொழில் இங்கு அறத்தொழிலுமாகின்றது.