கொடுப்பதும் ஓடுவதும்: மின்கார் குறித்துச் சில குறிப்புகள்

காரையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்பது புதிய விஷயமல்ல. 1957இல் வெளிவந்த ‘மித்தாலஜீஸ்’ நூலில் ரொலான் பார்த், சித்ரோயன் டிஎஸ் என்ற காரை எடுத்துக்கொண்டு, ஐரோப்பாவின் பழைய பேராலயங்களுக்குச் சமமாக அதை வைத்துப் பேசினார். அந்தக் கட்டுரையில் காரைப் பார்த்து வியப்பவர்கள் இருக்கிறார்கள், தொட்டுத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஓட்டுகிற ஒருவர் இல்லை. நம்மூர்க் காரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அந்த ஒருவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் அப்பா இருபத்தாறு வருஷம் ஓர் அரிசி மில் முதலாளியின் அம்பாசிடரை ஓட்டினார். ஆர்.சி. புத்தகத்தில் முதலாளி பெயர். ஆனால் அப்பா வாயில் அது எப்போதும் ‘நம்ம வண்டி’தான். முதலாளிக்கு கியர் போடத் தெரியாது. உடைமை ஒரு உடம்பிலும் ஓட்டும் அறிவு இன்னொரு உடம்பிலுமாக இருந்தன. இரண்டுக்கும் நடுவில் முன்சீட்டு, பின்சீட்டு என்ற எல்லைக்கோடு. 1983 டிசம்பரில் தெருவுக்கு வந்த மாருதி 800 இந்தக் கோட்டைக் கொஞ்சம் அழித்தது. ஓனரே டிரைவரான நடுத்தர வர்க்கக் குடும்பம் அதில்தான் பரவலாக உருவானது. 2014இல் அம்பாசிடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் நின்றுபோயின. இப்போது மூன்றாவது கட்டம்: மின்கார்.

கட்டம் மாறியதை மொழியிலேயே பார்க்கலாம். பெட்ரோல் காரைப் பார்த்தவுடன் நம்மாட்கள் கேட்கிற கேள்வி: “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?” மாட்டைக் கேட்பது மாதிரி. மின்காரைப் பார்த்தால்: “ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?” முதல் கேள்வியில் இருப்பது செலவு பற்றிய கவலை. இரண்டாவதில் இருப்பது வழியில் நின்றுவிடுவோமோ என்கிற பயம். 2020இல் வந்த டாடா நெக்சான் இ.வி.யின் பேட்டரி 30.2 யூனிட் கொள்ளும். சோதனைச் சான்றிதழ் சொன்ன தூரம் 312 கிலோமீட்டர். நிஜச் சாலையில், ஏசி போட்டு, நூறைத் தொட்டு ஓட்டினால் அது கணிசமாகக் குறையும். காகிதத்துக்கும் சாலைக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் அந்தப் பயம் குடியிருக்கிறது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? பெட்ரோல் எஞ்சின் நின்ற நிலையில் இழுக்காது. குறிப்பிட்ட வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால்தான் அதற்கு வலு. அதற்காகத்தான் கிளட்ச், கியர், இத்தனை கால்வேலை. மின்மோட்டாருக்குத் தொடக்கத்திலேயே முழு இழுவை உண்டு, ஆகவே கியர் மாற்றும் வேலையே இல்லை. காலை எடுத்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் ஓட்டத்திலிருந்து கரண்டை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பெட்ரோல் காரில் பிரேக் சூடாக வீணாகிற ஆற்றலில் ஒரு பங்கு இங்கே மிச்சமாகிறது.

இது எதிர்காலத்திலிருந்து வந்த வண்டியும் அல்ல. 1900 வாக்கில் அமெரிக்க நகரங்களில் மின்கார்கள் நிறையவே ஓடின. சத்தமில்லை, புகையில்லை, கையால் சுற்றி ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்பதால் ‘பெண்களுக்கான வண்டி’ என்று அவற்றை விற்றார்கள். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஓட்டியது மின்காரைத்தான். 1912இல் காடிலாக் காரில் மின்ஸ்டார்ட்டர் வந்தது. ‘செல்ஃப் எடுக்கல’ என்கிறோமே, அந்த செல்ஃப். கைச்சுற்று போனதும் மின்காரின் பெரிய அனுகூலம் ஒன்று போயிற்று. சத்தமும் நாற்றமும் ஆண்மையின் குறிகளாக நிலைபெற்றன. சைலன்ஸரை எடுத்துவிட்டு ஓட்டுகிற பையன்கள் வரைக்கும் அந்தக் கதையாடல் தொடர்கிறது.

புகை எங்கே போனது? வண்டியின் பின்னாலிருந்து விலகி, கணிசமான அளவில் எண்ணூருக்கும் நெய்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் போயிருக்கிறது. கயத்தாறு, ஆரல்வாய்மொழி காற்றாலைகளின் பங்கும் அந்தக் கரண்டில் உண்டு. ஆனால் காற்று ஒரு பருவத்தில்தான் பலமாக வீசுகிறது. சூரிய ஒளி, நாம் ப்ளக் செருகுகிற ராத்திரி நேரத்தில் இல்லை. மின்கார் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அதே தூரத்துக்கு அது குறைவாகவே ஆற்றல் தின்கிறது. நகரத்தின் சுத்தத்துக்கு விளிம்பில் யாரோ மூச்சு கொடுக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்தது வீடு. வீட்டில் பதினைந்து ஆம்பியர் ப்ளக்கில் செருகினால் ராத்திரி முழுக்க ஏற வேண்டும். அதற்குச் சொந்த வாசலும் சொந்த மீட்டரும் வேண்டும். நான் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வண்டி நிறுத்தவே ஹவுஸ் ஓனரிடம் தனியாகக் கேட்க வேண்டும். யூனிட்டுக்கு அவர் சொல்வதுதான் ரேட். பெட்ரோல் பங்க்கில் சாதி, சொந்த வீடு எதுவும் கேட்காமல் காசுக்கு எண்ணெய் ஊற்றினார்கள். மின்காரில், கார் ஓனராவதற்கு முன்னால் வீட்டு ஓனராக வேண்டியிருக்கிறது. உடைமை மறுபடியும் இரட்டிக்கிறது.

கடைசியாகப் பட்டறை. கொல்லனின் உலைக்கூடத்துக்கு இருந்த பெயரைத்தான் ரோட்டோர மெக்கானிக் கடைக்கும் வைத்தோம். பள்ளிக்கூடம் முடிக்காத பையன் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே தொழில் கற்றுக்கொண்ட இடம் அது. மின்காரில் மாற்ற எஞ்சின் ஆயில் இல்லை, பிளக் இல்லை, கிளட்ச் பிளேட் இல்லை. பேட்டரியிலோ முந்நூறு வோல்ட்டுக்கு மேல். வாரண்டி போய்விடும் என்ற பயத்தில் யாரும் அதை வெளியில் திறப்பதில்லை. பழுது சொல்வது கணினி. அறிவு கையிலிருந்தும் காதிலிருந்தும் கம்பெனிக்குப் போகிறது.

போன மாதம் நண்பனின் மின்காரில் அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்தோம். “தம்பி, இன்னும் ஸ்டார்ட் பண்ணலியா?” என்றார். “ஆன்லதாம்ப்பா இருக்கு” என்றான் அவன். ஊர் எல்லை தாண்டும்வரை அப்பா பேசவில்லை. மேடு வந்தபோது மட்டும் அவர் இடது கால் கிளட்சைத் தேடியதைப் பார்த்தேன். வண்டி ஒரு சத்தமுமில்லாமல் ஏறியது. “நல்லாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா இதுக்கு நாம எதுக்கு?”

அந்த ‘நாம’ டிரைவர்கள், மெக்கானிக்குகள், பட்டறைப் பையன்கள். மின்கார் வரட்டும், வரத்தான் வேண்டும். அவருடைய கேள்விக்குப் பதில் சொல்கிற பொறுப்பும் அதோடு சேர்த்து வர வேண்டும்.