காதில் விழுந்த பாட்டு

1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வெளிவந்தன. இரண்டுக்கும் இசை இளையராஜா. பண்டிகைக் கூட்டம் ‘தளபதி’ பக்கம் போனது. ‘குணா’ வசூலில் பின்தங்கியது. படம் எடுத்த கொடைக்கானல் குகைக்கு மட்டும் ‘குணா குகை’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

கொச்சிக்குப் பக்கத்திலுள்ள மஞ்ஞும்மலிலிருந்து 2006இல் அங்கே சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் குகைப் பள்ளத்தில் விழுந்தார். கூட வந்த நண்பரே உள்ளே இறங்கி அவரை மீட்டார். அந்த உண்மைச் சம்பவத்தை வைத்துச் சிதம்பரம் இயக்கிய ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ 2024 பிப்ரவரியில் வந்தது. மலையாளப் படம்தான். ஆனால் தமிழ்நாட்டில் வாரக்கணக்கில் அரங்கு நிறைந்து ஓடியது. வாலி எழுதி, கமல்ஹாசனும் எஸ்.ஜானகியும் பாடிய ‘கண்மணி அன்போடு’ ஒலித்த இடத்தில் திரையரங்கே சேர்ந்து பாடியது. பாடியவர்களில் பலர் ‘குணா’ வந்தபோது பிறந்திருக்கவே இல்லை.

தோற்ற படத்தின் பாட்டு, 33 வருடம் கழித்து, வேறு மொழிக்காரர்கள் எடுத்த படத்துக்கு உயிர்நாடி ஆகிறது. சென்ற வாரம், ஒரு பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தோம். பிறந்த பாட்டு எப்படி நிலைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

“இப்ப வர்ற பாட்டெல்லாம் ஆறு மாசம் தாங்குமா?” கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. இந்தக் கேள்விக்கும் வயதாகிவிட்டது. ஒரு காலத்தில் இதைக் கேட்டது அரசாங்கமே.

1952இல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்தவர் பி.வி.கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதத்தின் மீது தீராத பற்றுக் கொண்டவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய தீர்மானமான கருத்து. அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு முதலில் குறைந்தது. பிறகு ஏறக்குறைய நின்றே போனது. நேயர்கள் சும்மா இருக்கவில்லை. ரேடியோ முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த பாட்டு இந்தியா முழுக்க வீடுகளை நிறைத்தது. கடைசியில் டெல்லிதான் இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3ஆம் தேதி, சினிமாப் பாட்டை ஒலிபரப்பும் விவித் பாரதி தொடங்கியது.

அந்த ஐந்து வருடத்தில் தமிழில் வந்த படங்களைப் பாருங்கள். 1952இல் ‘பராசக்தி’, 1955இல் ‘மிஸ்ஸியம்மா’, 1957இல் ‘அம்பிகாபதி’, ‘மாயா பஜார்’. இன்று “அதெல்லாம் பாட்டு!” என்று எவற்றைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறோமோ, அவை பிறந்த வருடங்களைத்தான் ரசனை கெட்டுப்போன காலம் என்று ஓர் அமைச்சர் நம்பினார். கேஸ்கர் சங்கீதம் தெரியாதவர் அல்லர். தெரிந்தவருக்கே இப்படித் தோன்றியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. புதிய பாட்டில் எது இல்லை என்பது பழகிய காதுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. எது இருக்கிறது என்பது பிடிபட வருடங்கள் ஆகின்றன.

ஏ.ஆர்.ரஹ்மானும் இதிலிருந்து தப்பவில்லை. ‘ரோஜா’வை எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் ‘ஜென்டில்மேன்’, ‘காதலன்’ வந்தபோது சத்தம் வார்த்தையை விழுங்குகிறது, கம்ப்யூட்டர் பாடுகிறது என்ற புகார் தமிழ்நாட்டு வீடுகளில் சர்வசாதாரணம். 1994இல் வந்த ‘காதலன்’ படத்தின் ‘ஊர்வசி ஊர்வசி’யை இருபது வருடம் கழித்து அமெரிக்கப் பாடகர் வில்.ஐ.ஆம் தன் பாட்டு ஒன்றுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டார். அன்று அந்தப் பாட்டுக்கு ஆடி அப்பாவிடம் திட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. அவர்கள் இப்போது அனிருத்தைப் பற்றி அதே புகாரைச் சொல்கிறார்கள்.

ஏன் இப்படி? மாரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989இல் ஒரு பதிலை வெளியிட்டார்கள். 1932 முதல் 1986 வரை பிரபலமாக இருந்த 28 பாடல்களை, வெவ்வேறு வயதுள்ள 108 பேருக்குப் போட்டுக் காட்டி மதிப்பெண் கேட்டார்கள். தமக்கு 23, 24 வயதாக இருந்தபோது வந்த பாடல்களுக்கே மக்கள் அதிகம் கொடுத்தார்கள். முதல் வேலை, முதல் சம்பளம், முதல் காதல் எல்லாம் வரும் வயது அது. பாட்டோடு அந்த வயதும் சேர்ந்தே மனதில் பதிந்துவிடுகிறது.

ஆனால் இது பாதிக் கதைதான். ஒவ்வொருவருக்கும் தன் இளமைக்காலப் பாட்டு மட்டுமே பிடிக்கும் என்றால், ஒரு தலைமுறை போகும்போது அதன் பாட்டும் போய்விட வேண்டும். மீதிக் கதை 2013இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. கரோல் கிரம்ஹான்ஸ்லும் ஜஸ்டின் ஜுப்னிக்கும் சுமார் இருபது வயதுள்ள 62 மாணவர்களுக்கு, 1955 முதல் 2009 வரையிலான புகழ்பெற்ற பாடல்களின் துணுக்குகளைப் போட்டார்கள். புதிய பாடல்களோடு நெருக்கம் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் 1980களின் தொடக்கத்தில் வந்த பாடல்களிடமும் அந்த மாணவர்களுக்குத் தனி ஒட்டுதல் இருந்தது. அது அவர்களின் பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலம். 1960களின் பாடல்களிலும் அதேபோல ஒரு சிறு ஏற்றம் தெரிந்தது. பாட்டு, சொத்தைப் போல வீட்டுக்குள்ளேயே கைமாறியிருக்கிறது. யாரும் பிள்ளைகளை உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. சமையலறையிலும் காரிலும் ஓடிக்கொண்டிருந்த பாட்டு, வேறு வேலையாக இருந்த குழந்தையின் காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இந்த வேலையை வீடு மட்டும் செய்யவில்லை. தெரு மொத்தமும் செய்தது. டீக்கடை ரேடியோ, முடிதிருத்தகம், மொஃபசல் பஸ், கோயில் திருவிழாவில் மூங்கில் உச்சியில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி, காதுகுத்து வீட்டில் விடியற்காலையே அலறத் தொடங்கும் சவுண்ட் சர்வீஸ். பாட்டுப் பட்டியலைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் 60 நிமிட, 90 நிமிட கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் கடைகள். ஊர் ஊராகப் போன மெல்லிசைக் குழுக்கள். எந்தப் பாட்டைப் போடுவது என்பதை ஒரு டிரைவர் தீர்மானித்தார். பஸ்ஸில் இருந்த ஐம்பது பேரும் கேட்டார்கள், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். 2006இல் விஜய் டிவியில் ‘சூப்பர் சிங்கர்’ தொடங்கிய பிறகு, பத்து வயதுப் பிள்ளைகள் தங்கள் தாத்தா காலத்துப் பாட்டை மேடையில் பாடத் தொடங்கியதும் இந்தக் கைமாற்றத்தின் தொடர்ச்சிதான்.

எந்தப் பாட்டு நிலைக்கும் என்பதை விமர்சகர்களோ விருதுக் குழுக்களோ தீர்மானிப்பதில்லை என்று இதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1934இல் வந்த ‘பவளக்கொடி’யில் ஏறக்குறைய ஐம்பது பாடல்கள் இருந்தன. தியாகராஜ பாகவதரின் முதல் படம். பாடல்கள் பாபநாசம் சிவன். இவ்வளவு பெரிய பெயர்கள் இருந்தும், இன்று அவற்றில் ஒன்றையாவது பாடிக்காட்டக்கூடியவரைக் கண்டுபிடிப்பது கடினம். ஒவ்வொரு காலமும் மறந்துபோன பாட்டைத்தான் அதிகமாக விட்டுச்சென்றிருக்கிறது. பழைய காலத்தின் நூறு நல்ல பாட்டையும் இந்த வருடத்தின் எல்லாப் பாட்டையும் எதிரெதிரே நிறுத்தினால் இந்த வருடம் தோற்கத்தான் செய்யும். அந்த ஒப்பீடு நியாயமே இல்லை.

அப்படியானால் தீர்மானிப்பது யார்? இயக்குநர் லோகேஷ் கனகராஜின் படங்களைப் பாருங்கள். அவர் பிறந்தது 1986. ‘கைதி’யில் ‘மறுபடியும்’ படத்துப் பாட்டு வந்தது. 2022இல் ‘விக்ரம்’ படத்தில் ஒலித்த ‘சக்கு சக்கு வத்திக்குச்சி’, 1995இல் வந்த ‘அசுரன்’ படத்துக்காக ஆதித்யன் இசையமைத்தது. ‘லியோ’வில் வந்த ‘கரு கரு கருப்பாயி’, 2000இல் ‘ஏழையின் சிரிப்பில்’ படத்துக்குத் தேவா போட்டது. எந்த ‘சிறந்த 100’ பட்டியலிலும் ஏறாத பாட்டுகள். பஸ்ஸும் சவுண்ட் சர்வீஸும் ஊட்டி வளர்த்தவை. தேவாவின் இசை மலிவு என்று அன்று ஒதுக்கியவர்கள் நிறைய. 2024இல் ‘லப்பர் பந்து’ இன்னும் அழகாகச் செய்தது: 1989இல் விஜயகாந்த் நடித்த ‘பொன்மனச் செல்வன்’ படத்துப் பாட்டு, அதில் ஒரு கிரிக்கெட் வீரனின் அடையாளமாகவே ஆகிப்போனது. அதே வருடம் ஏப்ரலில் ‘கில்லி’ மீண்டும் திரைக்கு வந்தபோது ‘அப்படிப் போடு’வுக்கு அரங்கில் எழுந்து ஆடியவர்களில் 2004க்குப் பிறகு பிறந்தவர்கள் ஏராளம். இந்த இயக்குநர்கள், பன்னிரண்டு வயதில் காதில் விழுந்ததை முப்பத்தைந்து வயதில் கையில் கேமரா கிடைத்ததும் திருப்பித் தருகிறார்கள். இன்றைய பாட்டில் எது நிலைக்கும் என்பதையும், இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் யாரோ ஒரு பிள்ளைதான் 2045 வாக்கில் சொல்லப்போகிறது.

உண்மையான கவலை இங்கேதான் தொடங்குகிறது. பாட்டின் தரத்தைப் பற்றிய கவலை அல்ல அது. அந்தப் பிள்ளையின் காதில் இப்போது ஹெட்செட் இருக்கிறது. அப்பா கேட்பது பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை கேட்பது அப்பாவுக்குத் தெரியாது. ஒரே ஹாலில் நாலு பேர் நாலு பாட்டு கேட்கிறார்கள். விருப்பத்துக்கு ஏற்பப் பாட்டை அடுக்கித் தரும் செயலிகள், பிடிக்காத பாட்டு காதில் விழும் வாய்ப்பையே எடுத்துவிட்டன. 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டதும் அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. அதில் பாட்டு பெரும்பாலும் சிறு துண்டாகத்தான் ஓடுகிறது. பல்லவி மட்டும் தெரிந்த பாட்டைச் சுற்றுலா வேனில் சேர்ந்து பாட முடியாது. இரண்டாவது சரணம் இல்லாமலேயே பல பாட்டுகள் வரத் தொடங்கியிருப்பதும் பெரிய இழப்பு. பல்லவி மனதில் ஏறும். பாடிப் பாடிப் பழகிய சரணம்தான் இறங்காமல் தங்கும்.

எண்ணிக்கையை வைத்து ஆறுதல் அடையவும் முடியாது. ‘மாரி 2’ படத்தின் ‘ரவுடி பேபி’ யூடியூபில் 100 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. அது எத்தனை தடவை ஓடியது என்று தெரிகிறது. எத்தனை வீடுகளில் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து கேட்டார்கள் என்பது அந்த எண்ணில் இல்லை.

அப்படிச் சேர்ந்து கேட்கப்படும் புதிய பாட்டுகள் இல்லாமல் இல்லை. 2019இல் ‘விஸ்வாசம்’ படத்துக்காக இமான் இசையமைத்த ‘கண்ணான கண்ணே’ தந்தைமார் மகள்களுக்காகப் போடும் பாட்டாகிவிட்டது. பிறந்தநாள் வீடுகளிலும் கல்யாண மண்டபங்களிலும் அது ஒலிபெருக்கியில்தான் ஒலிக்கிறது, ஹெட்செட்டில் அல்ல. 2021இல் சந்தோஷ் நாராயணன், தீ, அறிவு கூட்டணியில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’க்கு எந்தப் படத்தின் துணையும் இல்லை. பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் பிள்ளைகள் ஆட, பெற்றோர் கீழே உட்கார்ந்து கேட்டார்கள். இந்த இரண்டும் 2045இலும் இருக்கும் என்று துணிந்து சொல்லலாம்.

பழைய பாட்டு புதிய படத்தில் ஏறும்போது திரையரங்கு குதூகலிக்கிறது. அந்தக் குதூகலத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. 2024 மே மாதம், ‘கண்மணி அன்போடு’வைப் பயன்படுத்தியதற்காக ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்களுக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. அடுத்த வருடம் அஜித் நடித்த ‘குட் பேட் அக்லி’க்கும் அப்படியே. பாட்டு யாருடையது, இசையமைத்தவருடையதா, கேசட் கம்பெனியுடையதா, படத்துக்குப் பணம் போட்டவருடையதா? அடுத்த வாரம் நீதிமன்றத்துக்குப் போவோம்.

(தொடரும்)