வெயிலை நம்பிக் கடல் கடக்கும் இரட்டைப் படகு

திருப்பூணித்துறையில் குடியிருப்பவர்களுக்கு ஜலமார்க்கம் புதிய விஷயமன்று. ஊரின் வடக்கே எரூர்ப் பக்கத்தில் வைற்றிலைக்கும் காக்கநாட்டுக்கும் இடையே வாட்டர் மெட்ரோ படகுகள் ஓடுகின்றன. சம்பக்கரைக் கால்வாயில் உரத் தொழிற்சாலையின் சரக்கை ஏற்றிய பார்ஜுகள் ஆடி அசைந்து செல்கின்றன. சற்றே மேற்கே மட்டாஞ்சேரிக்குப் போனால், மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக வள்ளங்களில் ஏறி இறங்கிய பண்டகசாலைகள் இன்றும் காயலைப் பார்த்தபடி நிற்கின்றன. இத்தனை வகைக் கலங்களையும் பார்த்துப் பழகிய கண்களுக்கும் புதுமையாகத் தோன்றக்கூடியது ஒன்று உண்டு. எர்ணாகுளத்துக் கரைக்கு எதிரே போல்காட்டித் தீவில் 2010-ஆம் ஆண்டில் மரினா ஒன்று ஏற்பட்டது. இந்து சமுத்திரத்தைக் கடந்து செல்லும் உல்லாசப் படகுகள் அங்கே வந்து கட்டிக்கொண்டு, தண்ணீரும் மளிகையும் ஏற்றிக்கொண்டு, காற்றின் தயவு பார்த்துப் புறப்படும். அத்தகைய படகுகளுள் இரண்டு உடல்களும், ஒரே தளமும், உயர்ந்த பாய்மரமும், கூரை முழுவதும் கறுத்துப் பளபளக்கும் சூரியத் தகடுகளும் கொண்ட ஜாதி ஒன்று உலகத்தில் இப்போது பெருகி வருகிறது. பாய், பாட்டரி, டீசல் என்னும் மூன்றையும் ஒன்றாக ஏற்றுக்கொண்டு, குளிர்சாதன அறையும் மெத்தைக் கட்டிலுமாகப் பெருங்கடலைத் தாண்டுகிற இந்தக் கலத்தின் யந்திர ரகசியம் என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இரண்டு உடல்கள் எதற்காக என்று பார்ப்போம். இவ்வகைப் படகுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான் என்றாலும், அமைப்பில் இது பாலினீசியத் தீவினர் ஓட்டிய இரட்டைத் தோணியின் வம்சம். ஒற்றை உடல் கொண்ட பாய்ப்படகு, காற்று ஒரு பக்கமாகத் தள்ளும்போது கவிழாதிருக்க வேண்டுமானால் அதன் அடியில் ஈயமோ இரும்போ பல டன் கணக்கில் தொங்கவேண்டும். அந்தப் பாரத்தைக் கடல் முழுவதும் இழுத்துக்கொண்டேதான் போகவேண்டும். இரட்டைப் படகோ தன் அகலத்தினாலேயே ஸ்திரமாக நிற்பது. அதற்கு அடிப்பாரம் அவசியமில்லை. பாரம் குறைந்ததனால் தேவையான சக்தியும் குறைகிறது. அகலம் கூடியதனால் கூரை விசாலமாகிறது. கூரை விசாலமானதனால் தகடுகளைப் பரப்ப இடம் கிடைக்கிறது.

இதைவிட முக்கியமான லாபம் ஒன்று தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது. படகு ஒன்று நகரும்போது அணியத்தில் ஓர் அலையும் அமரத்தில் ஓர் அலையும் எழுகின்றன. வேகம் கூடக் கூட இவ்வலைகள் நீண்டு, ஒரு கட்டத்தில் படகு தானே எழுப்பிய அலைமேட்டின் மேல் ஏற முயன்று திணறுகிறது. அதன்பின் எவ்வளவு எண்ணெயை எரித்தாலும் வேகம் சொற்பமாகவே கூடும். ஆனால் உடல் மிக ஒல்லியாக இருந்தால், அது தண்ணீரைப் பிளந்து செல்வதில் எழும் அலை சிறியதாகவே இருக்கும். திணறலும் அவ்வளவு இராது. சூரியப் படகுகளில் பல இரட்டை உடல் கொண்டிருப்பதற்கு இது முக்கியமான காரணம். ஆயினும் ஒல்லியான உடலுக்கு ஒரு குணம் உண்டு: அது பாரத்தைப் பொறுக்காது. சாமான்களை அதிகமாக ஏற்றினால் உடல்கள் ஆழமாக அமிழும், வேகம் கெடும், இரண்டு உடல்களுக்கு நடுவேயுள்ள தளத்தின் அடிப்பாகத்தில் அலைகள் இடி இடிப்பதுபோல் மோதும். சௌகரியங்கள் நிறைந்த படகு என்று விளம்பரம் செய்துவிட்டு, அந்தச் சௌகரியங்கள் ஒவ்வொன்றையும் கிலோ கணக்கில் நிறுத்துப் பார்க்கவேண்டியிருப்பது இதைக் கட்டுகிறவர்களின் தலைவிதி.

இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். ஆலப்புழையில் பிறந்த கடற்படை வீரர் அபிலாஷ் டோமி, 2018-இல் கோல்டன் குளோப் பந்தயத்தில் 'துரியா' என்னும் ஒற்றை உடல் படகில் தன்னந்தனியாகத் தென் இந்து சமுத்திரத்தைக் கடந்துகொண்டிருந்தபோது, புயல் அப்படகைப் புரட்டியது, பாய்மரங்கள் முறிந்தன, அவருடைய முதுகெலும்பிலும் அடிபட்டது. ஆனாலும் படகு நிமிர்ந்து மிதந்துகொண்டிருந்தபடியால், பிரெஞ்சுக் கப்பலொன்று வந்து அவரை மீட்கும் வரையில் அதனுள்ளேயே படுத்திருக்க முடிந்தது. அடியில் பாரம் தொங்கும் படகு, புரட்டப்பட்டாலும் தானே நிமிரும். இரட்டைப் படகு கவிழ்வது அபூர்வம். ஆனால் கவிழ்ந்துவிட்டால், நிமிர்ந்து நின்றபோது எவ்வளவு ஸ்திரமாக நின்றதோ, அவ்வளவு ஸ்திரமாகத் தலைகீழாகவும் மிதக்கும். ஆகையினால் இப்படகின் மாலுமி காற்று வலுப்பதற்கு முன்பே பாயைச் சுருக்கிவிடுகிற ஜாக்கிரதைக்காரராக இருத்தல் அவசியம்.

இனிச் சூரியனிடம் வருவோம். நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் வெயிலின் சக்தி சுமார் 1 கிலோவாட்; நல்ல தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக மாற்றித் தரும். பதினைந்து மீட்டர் நீளமுள்ள இரட்டைப் படகொன்றின் கூரையில் 60 சதுர மீட்டர் தகடு பரப்பியிருப்பதாக வைத்துக்கொண்டால், உச்சி வேளையில் 12 கிலோவாட்டும், காலை மாலைச் சரிவையும் மேகத்தையும் கழித்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 யூனிட்டும் கிடைக்கும். நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். குளிர்ப்பெட்டி, சமையல் அடுப்பு, கடல்நீரைக் குடிநீராக்கும் யந்திரம், இரவு விளக்குகள் ஆகியவை 15 யூனிட்டை எடுத்துக்கொண்டால், படகை ஓட்ட மிஞ்சுவது 35.

இந்த 35 யூனிட்டில் எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டால், எவ்வளவு அவசரம் என்பதைப் பொறுத்தது என்றே பதில் சொல்லவேண்டியிருக்கிறது. தண்ணீரில் வேகத்தை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்காகிவிடும் என்பது படகுக் கலையின் ஆதாரமான நியதி. மணிக்கு 5 கடல் மைல் வேகத்துக்கு 7 கிலோவாட் தேவை என்று கொண்டால், மேற்படி 35 யூனிட் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கடந்த தூரம் 25 கடல் மைல். அதே படகு 3 கடல் மைல் வேகத்தில் ஊர்ந்து சென்றால் ஒன்றரைக் கிலோவாட் போதும். அதே 35 யூனிட்டில் இரவும் பகலும் ஓடி 70 கடல் மைல் சென்றுவிடலாம்! கொச்சியிலிருந்து கவரத்தி சுமார் 400 கிலோமீட்டர், அதாவது 216 கடல் மைல். நிதானமாகப் போகிறவர் வெறும் வெயிலிலேயே மூன்று நாளில் இலட்சத்தீவை அடைவார். அவசரக்காரருக்கு ஏறக்குறைய ஒன்பது நாளைய வெயில் வேண்டும். கடலில் எதிர்க்காற்றும் நீரோட்டமும் இந்தக் கணக்கைக் கலைக்கும் என்பது வாஸ்தவமே. ஆனால் கணக்கின் ஜாடை மாறாது.

ஆகவே இப்படகின் பொருளாதாரம் மாதச் சம்பளக்காரரின் குடும்பத்தைப் போன்றது: வரவு குறிப்பிட்ட அளவுக்குமேல் ஒரு காசும் கூடாது, பாட்டரி சேமிப்பு, டீசல் ஜெனரேட்டர் கடன். நாட்கணக்கில் மேகம் மூடிக்கொண்டபோதும், துறைமுக வாயிலில் நீரோட்டத்தை எதிர்த்து விரைவாக நுழையவேண்டியபோதும் மட்டும் கடன் வாங்குவது விவேகம். ஜெனரேட்டர் நேராக உந்துவிசிறியைச் சுழற்றுவதில்லை. மின்சாரத்தை உண்டாக்கிப் பாட்டரிக்கும் மோட்டாருக்கும் தருகிறது. எனவே அதை எந்த வேகத்தில் ஓட்டினால் எண்ணெய் குறைவாகச் செலவாகுமோ, அந்த வேகத்திலேயே ஓட்டிவிட்டு நிறுத்திவிடலாம்.

பெருங்கடலில் இப்படகுக்கு உண்மையான ஆதரவு பாய்தான். மார்கழி, தை மாதங்களில் கேரளக் கரையிலிருந்து மேற்கே செல்பவருக்கு வடக்கிலிருந்து வரும் காற்று பக்கவாட்டில் கிடைக்கும். இரட்டைப் படகுக்கு அதுவே உகந்த காற்று. பாயில் ஓடும்போது மோட்டாரை நிறுத்திவிட்டால், கடந்து செல்லும் தண்ணீரே விசிறியைச் சுழற்றும். மோட்டார் அப்போது டைனமோவாக மாறிப் பாட்டரியை நிரப்பும். இதனால் படகின் வேகம் சிறிது குறையும். ஆனால் இரவு முழுவதும் வெயில் இல்லாத நேரத்தில் வரும் மின்சாரம் ஆனபடியால் மாலுமிகள் அந்த நஷ்டத்தைப் பொருட்படுத்துவதில்லை.

பாயும் தகடும் ஒரே கூரையில் வாழ்வதில் ஒரு சங்கடமும் உண்டு. தகட்டில் உள்ள செல்கள் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு செல்லின் மேல் நிழல் விழுந்தாலும் அந்தச் சங்கிலி முழுவதன் மின்னோட்டமும் தடைப்படும். பாய்மரத்தைத் தாங்கும் விரலளவுக் கம்பியின் நிழல், ஒரு வரிசைத் தகட்டின் உற்பத்தியைக் கணிசமாகக் குறைத்துவிட வல்லது. படகு திரும்பத் திரும்ப நிழலும் இடம் மாறுகிறபடியால், தகடுகளைச் சிறு சிறு கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வைக்கிறார்கள். இத்துடன் உப்புத் திவலை காய்ந்து படியும் வெள்ளைப் பூச்சு. நங்கூரம் இட்ட இடத்தில் நீர்க்காகங்களின் உபயம் வேறு. பல கோடி ரூபாய்ப் படகின் எஜமானரும் காலையில் வாளியும் துணியுமாகக் கூரை ஏறித்தான் ஆகவேண்டும்.

மின்சாரப் படகு இன்று நேற்று வந்ததன்று. ஜாகோபி என்னும் விஞ்ஞானி 1839-க்கு முன்பின்னாகவே பீட்டர்ஸ்பர்க்கின் நீவா நதியில் பாட்டரிப் படகு ஓட்டினார். குஸ்தாவ் த்ரூவே 1881-இல் பாரிஸின் ஸேன் நதியில் ஓட்டினார். வெயிலை மட்டும் நம்பி மோட்டாரில் அட்லாண்டிக்கைக் கடந்த முதற்படகு 'சன் 21' என்னும் 14 மீட்டர் நீள இரட்டைப் படகு. ஸ்பெயினிலிருந்து 2006-ஆம் ஆண்டுக் கடைசியில் புறப்பட்டு, 2007-இல் மார்த்தினிக் தீவை அடைந்து, அவ்வாண்டிலேயே நியூயார்க்கும் சேர்ந்தது. அதைவிடப் பெரிய சாகசம் 'பிளானட் சோலார்'. 31 மீட்டர் நீளமும், 537 சதுர மீட்டர்த் தகடுகளும், எட்டரை டன் லித்தியம் பாட்டரியும் கொண்ட அந்த இரட்டைப் படகு, 2010 செப்டம்பர் 27-இல் மொனாக்கோவை விட்டு, 584 நாட்களில், ஒரு சொட்டு எண்ணெய் எரிக்காமல் உலகைச் சுற்றி 2012 மே 4-இல் திரும்பியது. அவ்வளவு பெரிய கலம் சராசரியாகச் செலவழித்த சக்தி 20 கிலோவாட் சொச்சமே; ஒரு சிறிய மோட்டார் காரின் எஞ்சின்கூட அதைவிட வலியது. 1983-இல் பந்தயத்துக்காகக் கட்டப்பட்ட பழைய இரட்டைப் படகொன்றைப் புதுப்பித்து, வெயில், காற்று, ஹைட்ரஜன் மூன்றினாலும் ஓடும்படி செய்து, 'எனர்ஜி அப்ஸர்வர்' என்ற பெயரில் பிரெஞ்சுக்காரர்கள் 2017-இல் கடலில் இறக்கினார்கள்.

இவற்றையெல்லாம் பார்க்க ஐரோப்பாவுக்குப் போகவேண்டுமே என்று வாசகர் பெருமூச்சு விட அவசியமில்லை. இதே தத்துவத்தை அடக்கமான உருவில் கொச்சி நகரத்தார் சாதித்திருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பற்கலை பயின்ற சந்தித் தண்டாசேரி கொச்சியில் தொடங்கிய நவால்ட் நிறுவனம், கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைக்காகக் கட்டிய 'ஆதித்யா' என்னும் படகு, 2017 ஜனவரி 12 முதல் வேம்பநாட்டுக் காயலில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடிவருகிறது. நீளம் 20 மீட்டர், அகலம் 7 மீட்டர், இரண்டு ஒல்லி உடல்கள், 75 பிரயாணிகள். கூரையில் 78 தகடுகள், மொத்தம் 20 கிலோவாட். இரண்டு உடல்களிலும் உடலுக்கொன்றாக 20 கிலோவாட் மோட்டார். 50 யூனிட் கொள்ளும் லித்தியம் பாட்டரி. படகின் நீள அகலத்தைப் பெருக்கினால் 140 சதுர மீட்டர் வருகிறது. அதில் பெரும்பகுதியைத் தகடுகளே மூடியிருக்கின்றன. நாம் மேலே போட்ட கணக்கை அச்சடித்து மிதக்கவிட்டாற்போல் இருக்கிறது. பகலில் வெயிலிலும், இரவில் கரையிலிருந்து எடுக்கும் சிறிது மின்சாரத்திலும் ஓடி, முதல் மூன்று ஆண்டுகளில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகளைச் சுமந்து, சுமார் ஒரு இலட்சம் லிட்டர் டீசலை மிச்சப்படுத்தியது. நான் முன்னே குறிப்பிட்ட த்ரூவேயின் பெயரால் மின்படகுகளுக்கு வழங்கப்படும் சர்வதேச விருது, பிரயாணிப் படகுப் பிரிவில் 2020-இல் இதற்குக் கிடைத்தது.

கொச்சிக் கப்பல் கட்டும் தளம் கட்டி, 2023 ஏப்ரல் 25-இல் தொடங்கிவைக்கப்பட்ட வாட்டர் மெட்ரோ படகுகளும் இரட்டை உடல் கொண்டவையே. அவை தகட்டை நம்பாமல், துறையில் நிற்கும் சில நிமிஷங்களில் விரைந்து நிரம்பும் பாட்டரியையும், அவசரத்துக்கு ஜெனரேட்டரையும் வைத்துக்கொண்டு ஓடுகின்றன. நகரத்தின் அவசரத்துக்கு அது பொருந்தும்; சார்ஜ் செய்யும் துறையே இல்லாத சமுத்திரத்துக்குப் பொருந்தாது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கடல் கடக்கும் உல்லாசப் படகைவிடக் காயல் கடக்கும் ஆதித்யாவே உயர்ந்த சிருஷ்டி என்பேன். முன்னது சிலருடைய ஓய்வுக்கானது. குளிர்சாதன யந்திரம் ஓடத் தொடங்கியதும் அதன் சூரிய விரதம் பெரும்பாலும் ஜெனரேட்டரில் முடிகிறது. பின்னதோ இரண்டரைக் கிலோமீட்டர் தூரத்தைக் கால் மணி நேரத்தில் நிதானமாகக் கடந்து, பள்ளிப் பிள்ளைகளையும் மீன்காரிகளையும் டீசல் வாடையும் அதிர்வும் இன்றி அக்கரை சேர்க்கிறது. ஆனாலும் இரண்டுக்கும் விதி ஒன்றே: நிதானமாகப் போகிறவருக்கே வெயில் போதும். நமது பழவேற்காட்டிலும் பிச்சாவரத்திலும் இத்தகைய படகுகளை ஓட்டிப் பார்க்க நம்மவர்கள் முன்வருவார்களாயின், விலை கொடுத்து வாங்கவேண்டிய ஞானம் அடுத்த மாநிலத்திலேயே இருக்கிறது. பெரியார் நினைவிடத்தைப் பார்க்க வைக்கத்துக்குச் செல்கிற தமிழர் பலர் உண்டு. அவர்கள் அப்படியே படகுத்துறைக்கும் நடந்து போய், தவணக்கடவுக்கு ஒரு டிக்கெட் எடுத்து, ஆதித்யாவில் ஒருமுறை ஏறிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.