நாராயண்கர் பக்கம் ஒரு பேராசிரியரின் தொண்டு

கரக்பூரிலிருந்து சென்னை செல்லும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நாராயண்கர் ஸ்டேஷனில் நிற்பதில்லை. ஊருக்குப் போகும் அவசரத்தில் நம்மவர் அந்தப் பெயர்ப் பலகையைக் கவனிப்பதுமில்லை. ஆனால் தமிழர் அறிய வேண்டிய ஒரு தொண்டு அந்த வட்டாரத்தில் நடந்திருக்கிறது.

மேதினிபூர் வட்டாரக் காட்டோரங்களில் வாழும் பழங்குடியினர் லோதாக்கள். கிழங்கு அகழ்ந்தும், பட்டுக்கூடு சேகரித்தும், ஆமை பிடித்தும் பிழைத்தவர்கள். காடு கைவிட்டுப் போனபின் வயிற்றுப்பாட்டுக்கே திண்டாடினார்கள். வெள்ளையர் அரசு இவர்களைக் குற்றப் பரம்பரையினர் என்று பட்டியலிட்டது. 1920-இல் பெருங்காமநல்லூரில் உயிர்ப்பலி கொண்ட அதே சட்டந்தான் இங்கும். எங்கே திருட்டு நடந்தாலும் முதல் சந்தேகம் லோதா குடிசை மீதுதான். 1952-இல் சட்டம் நீங்கியது, சந்தேகம் நீங்கவில்லை.

மானிடவியலுக்குத் தனித் துறை கண்ட முன்னோடி கல்கத்தா பல்கலைக்கழகம். 1920-இல் அங்கு ஆசிரியராகச் சேர்ந்து, பின்பு அத்துறைக்குத் தலைமையேற்றவர் பாலக்காட்டுக்காரரான எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர். அதே துறையின் பிரபோத் குமார் பௌமிக், 1950-களில் லோதாக்களை ஆராய வந்தார். குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடவில்லை. நாராயண்கர் பகுதியில், பிதிசா என்ற இடத்தில், 'சமாஜ் சேவக் சங்கம்' அமைத்தார். லோதா பிள்ளைகள் தங்கிப் படிக்க வழி செய்தார். லோதாக்களைப் பற்றிய அவரது ஆராய்ச்சி நூல் 1963-இல் வெளிவந்தது. பிறவியிலேயே திருடர் என்று எவருமில்லை, வறுமையும் புறக்கணிப்புமே காரணம் என்பதுதான் அந்தத் தொண்டின் அடிப்படை.

படிப்பு வந்தது. ஏளனம் போயிற்றா?

சுனி கோட்டால் என்ற லோதா பெண் 1985-இல் பட்டம் பெற்றார். அச்சமூகப் பெண்களில் அவரே முதல் பட்டதாரி. படித்த பாடமும் மானிடவியல்தான்! மேற்படிப்புக்குச் சேர்ந்த இடத்திலோ, குற்றப் பரம்பரையில் பிறந்தவள் என்று ஆசிரியரே இழித்துப் பேசுவதாக அவர் புகார் செய்தார். 1992 ஆகஸ்டில், 27-ஆம் வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வங்காளமே அதிர்ந்தது. எழுத்தாளர் மகாசுவேதா தேவி அவருக்காகக் குரல் கொடுத்தார்.

மனிதர்களைப் பற்றிப் படிக்கும் படிப்பு ஒருவரைக் குடிசை வாசலுக்கு அழைத்துச் சென்றது. அந்தக் குடிசையின் மகள் வகுப்பறைக்கு வந்தபோது, அவரை மனுஷியாக மதிக்க அங்கு ஆளில்லை. பள்ளி கட்டுவதோடு தொண்டு முடிந்துவிடுவதில்லை என்பதையே இது காட்டுகிறது.

'மதராஸி' என்ற ஒரே சொல்லில் நம்மை அடைத்துவிடும்போது எப்படி வலிக்கிறது என்பது இங்குள்ள நம்மவருக்குத் தெரியும். நாளை ஒரு லோதா இளைஞர் நம் ஆபீசுக்கோ ஒர்க்‌ஷாப்புக்கோ வேலைக்கு வரலாம். குலத்தைக் கேட்டு முகம் சுளிக்காமல் பக்கத்து நாற்காலியைக் காட்டுவது நம்மால் முடிந்த தொண்டு.